வெயில் தரும் பருக்கள்: அறியும் வழியும் ஆற்றும் வழியும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பெயர் சூட்டியவன் கதிரவனே எனலாம். அவன் எழும் திசையிலுள்ள கடற்பக்கம் எழுவான்கரை. அவன் படும் திசையிலுள்ள வயற்பக்கம் படுவான்கரை. ஞாயிற்றை நோக்கியே நாளை அளந்த மக்கள் இட்ட பெயர்கள் இவை. அப்படுவான்கரையில், தான்தோன்றீச்சரர் கோயில் கொண்டு விளங்கும் ஊர் கொக்கட்டிச்சோலை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில், எழுவான்கரையிலிருந்து அவ்வூருக்குச் செல்வோர் 'பாதை' எனப்படும் மிதவையிலே வாவியைக் கடந்தனர். மேலே வெயில், கீழே தண்ணீரிற் பட்டு மீளும் ஒளி. இரண்டையும் முகத்தில் ஏந்திக்கொண்டு நின்ற அந்நாட்களைப் பலர் இன்னும் மறந்திரார்.

பாலம் வந்தது, பயணம் எளிதாயிற்று. ஆனால் வெயில் அப்படியே இருக்கிறது. வட்டையிலே வெள்ளாமை வெட்டுபவருக்கும், வாவியிலே தோணி தாங்குபவருக்கும், தேர்வடம் பிடிக்கும் அடியாருக்கும், பாடசாலை விட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கும் அது ஒன்றே. அவ்வெயிலால் முகத்திலும் கழுத்திலும் தோளிலும் பருக்களைப் போன்று எழும் தடிப்புகளைப் பற்றியே இன்று நாம் பேசப்போகிறோம்.

விறாந்தையில் மூன்று மருந்துகள்

மாரிப்போக அறுவடை முடிந்த ஒரு பங்குனி மாதத்திலே கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தோம். வீட்டுக்காரர் வட்டையிலிருந்து அப்பொழுதுதான் திரும்பியிருந்தார். அவருடைய மகளுக்கு இருபது வயதிருக்கும். நம்மைக் கண்டதும் அப்பெண் சேலைத் தலைப்பினாலே முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"புள்ளைக்கு முகமெல்லாம் சூட்டுப் பரு, தம்பி. ஆக்களுக்கு முன்னால வர வெட்கப்படுறாள்" என்றார் விறாந்தையில் இருந்த பெத்தா. அவர் கையிலே பாதியாய் வெட்டிய தேசிக்காய் ஒன்று இருந்தது. பேத்தியின் முகத்திற் பூசுவதற்காக அவர் அதனை வைத்திருந்தார். சற்று நேரத்தில் அப்பெண் தேநீர் கொண்டு வந்தாள். கன்னங்களும் நெற்றியும் சிவந்து, கடுகு போன்ற குருக்கள் நெருங்கிக் கிடந்தன. கடையில் வாங்கிய ஒரு வெண்மையாக்கும் கிறீமை இரண்டு ஆண்டுகளாகப் பூசி வருவதாகவும், அதை ஒருநாள் விட்டாலும் முகம் எரிவதாகவும் அவள் கூறினாள். தந்தையோ தம் முன்கையைக் காட்டினார். எலிக்காய்ச்சலைத் தடுப்பதற்காகச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்த குளிசையை விழுங்கிவிட்டு வயலுக்குச் சென்றபின்னரே கை சிவந்து எரிந்ததென்றும், ஆகவே மீதிக் குளிசைகளை எறிந்துவிட்டதாகவும் சொன்னார்.

ஒரு விறாந்தையில் மூன்று மருந்துகள்: தேசிக்காய், கிறீம், குளிசை. இவற்றுள் முதலிரண்டையும் விடவேண்டும், மூன்றாவதை விடலாகாது. அங்கு நடந்ததோ இதற்கு நேர்மாறு! வேண்டாதவை முகத்திலே இருந்தன. வேண்டியது குப்பையிலே கிடந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் காட்சியே.

தலைக்கு நேரே நிற்கும் ஞாயிறு

கொக்கட்டிச்சோலை நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஏழரைப் பாகை வடக்கே உள்ளது. ஆகவே ஆண்டில் இருமுறை ஞாயிறு அவ்வூருக்கு நேர் மேலே நிற்கிறது. முதன்முறை ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டி, அதாவது சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னர்; மறுமுறை செப்டெம்பர் தொடக்கத்திலே. அந்நாட்களில் நண்பகலில் நம் நிழல் நம் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இடையிலுள்ள மாதங்களிலோ மழை குறைந்து, உலர்ந்த கச்சான் காற்று வீசும்.

வெயிலிலே நாம் காணும் ஒளியும், உணரும் வெப்பமும் மட்டுமல்ல, காணவும் உணரவும் இயலாத புற ஊதாக் கதிர்களும் உள்ளன. அவற்றுள் பீ வகைக் கதிர் தோலின் மேற்புறத்தைச் சுடுகிறது. ஏ வகைக் கதிர் இன்னும் ஆழமாக நுழைகிறது. பேருந்தின் சன்னற் கண்ணாடியையும் கடந்து வருகிறது. நாம் பேச எடுத்துக்கொண்ட தடிப்புகளிற் பலவற்றைத் தூண்டுவது பெரும்பாலும் இந்த ஏ வகைக் கதிரே.

புற ஊதாக் கதிரின் வலிமையை அளப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோலை வகுத்துள்ளது. அளவு 3ஐ எட்டினாலே தோலுக்குக் காப்பு வேண்டும்; 11ம் அதற்கு மேலும் மிகக் கடுமை. நம் நாட்டில் முகிலற்ற நண்பகல்களில் 11ஐத் தாண்டுவது புதுமையன்று. ஒரு நாளின் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 60 வீதம் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையிலேயே வந்து சேருகிறது. மெல்லிய முகில் அதில் 90 வீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். "இன்று மப்பாக இருக்கிறதே" என்று ஏமாறலாகாது. உலர்ந்த மணல் சுமார் 15 வீதத்தைத் திருப்பி எறிகிறது. அரை மீற்றர் ஆழத் தண்ணீருள்ளும் மேற்பரப்பில் உள்ளதில் 40 வீதம் எட்டுகிறது. இடுப்பளவு நீரில் நின்று வலை வீசுபவருக்கு மேலும் கீழும் வெயில்தான்.

கறுத்த தோலுக்கு இயற்கை தந்த கொடை மெலனின் என்னும் நிறப்பொருள். அது வெந்து உரிவதினின்றும் நம்மைப் பெரிதும் காக்கிறது. எனினும், வெயிலாற் குருக்கள் எழுவதை அது முழுவதும் தடுப்பதில்லை. அதுமட்டுமன்று, குரு ஆறிய பின்னர் கரும்புள்ளி நெடுநாள் நின்றுவிடுவதும் நம் போன்ற நிறத்தாரிடமே மிகுதி. ஆகவே "கறுத்தவர்களுக்கு வெயில் ஒன்றும் செய்யாது" என்பது பாதி உண்மையே.

பருவென்று மயக்குவன

வெயிலின் பின் எழுவன எல்லாம் ஒரே நோயல்ல. முகத்தளவில் அவை ஒன்று போலத் தோன்றினும், பிறப்பும் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது, நாம் அனைவரும் அறிந்த வேர்க்குரு. வியர்வை வெளிவரும் சிறு துளைகள் அடைபட்டு, வியர்வை உள்ளேயே தேங்குவதால் இது வருகிறது. கழுத்து, முதுகு, மார்பு, இடுப்பு, மடிப்புகள் ஆகிய மூடிய இடங்களிலேயே மிகுதியாகக் காணப்படும். முட்குத்துவது போன்ற அரிப்பு இருக்கும். இதற்குக் காரணம் ஒளியன்று, வெப்பமும் ஈரமுமே. நிழலிலிருந்தாலும் புழுக்கத்தில் வரும்.

இரண்டாவது, வெயில் ஒவ்வாமைத் தடிப்பு. 1900ஆம் ஆண்டிலே டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் ராஷ் என்னும் வைத்தியர் இதனை விவரித்தார். வெயிலிற் சென்ற சில மணி நேரத்திலோ, ஓரிரு நாட்களிலோ, வெயில் பட்ட இடங்களில் அரிப்புடன் சிறு குருக்கள் எழும். கறுத்த தோலில் இவை ஊசிமுனை அளவினவாய் நெருங்கித் தோன்றுவதுண்டு; பிடரியிலும் முன்கையிலும் வெளிறிய, சொரசொரத்த திட்டுகளாகவும் வரும். நாள்தோறும் வெயில் காணும் முகம் சிலருக்குத் தப்பிவிடும். மீண்டும் வெயில் படாதிருப்பின் ஒன்றிரண்டு வாரங்களில் வடுவின்றி ஆறிவிடும். பெண்களிடையே இது மிகுதி. மாரி முழுவதும் வீட்டுக்குள் இருந்துவிட்டு, திடீரென ஒருநாள் நீண்ட வெயிலில் நின்றவர்களிடம் இதனைக் காணலாம்.

மூன்றாவதே உண்மையான 'வெயிற் பரு'. 1972இல் டென்மார்க்கின் தோல் வைத்தியர் நீல்ஸ் யோர்த்தும் அவருடன் பணிபுரிந்தோரும் இதனை விவரித்தனர். குளிர்நாட்டிலிருந்து விடுமுறைக்காக மத்தியதரைக் கடலிலுள்ள மயோர்க்காத் தீவு போன்ற இடங்களுக்குச் சென்று, உடலெங்கும் எண்ணெய்ப்பசையுள்ள கிறீம்களைப் பூசி வெயிலிற் கிடந்து திரும்பியவர்களிடம் அதைக் கண்டனர். ஆதலால் 'மயோர்க்காப் பரு' என்றும் அதற்குப் பெயர். தோள், மேற்கை, கழுத்து, மார்பு ஆகிய இடங்களில் ஒரே அளவினவாய், உருண்டையாய், சிவந்த சிறு குருக்கள் வரும். வாலிபப் பருவில் காணும் கருமுனைகளும் சீழும் இதிற் பெரும்பாலும் இரா. இருபத்தைந்து முதல் நாற்பது வயது வரையிலான பெண்களிடம் மிகுதி. ஆறுவதற்கு மாதங்கள் எடுக்கலாம். ஏ வகைக் கதிரும் கிறீமிலுள்ள கொழுப்பும் மயிர்க்கால்களிற் சேர்ந்து செய்யும் கேடு இது என்பர்.

நான்காவது, வெப்பநாட்டுப் பரு. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் போரிட்ட மேல்நாட்டுப் படையினரை இது வாட்டியது. முதுகு, பிட்டம், தொடை எங்கும் பெரிய கட்டிகளாய்ச் சீழ்கொண்டு வரும். குளிர்ந்த இடத்துக்கு மாற்றியே பலரைக் குணப்படுத்த வேண்டியிருந்தது. வெயிலைவிட வெக்கையும் வியர்வையுமே இதற்கு மூலம்.

ஐந்தாவது, தோலில் இயல்பாக வாழும் ஒருவகைப் பூஞ்சணம் மயிர்க்கால்களிற் பெருகுவதால் வருவது. முதுகிலும் தோளிலும் நெற்றியிலும் ஒரே அளவான குருக்கள் அரிப்புடன் தோன்றும். பருவுக்குரிய மருந்துகளுக்கு இது மசிவதில்லை. பூஞ்சணக்கொல்லி மருந்துக்கு விரைவிற் படியும்.

இவற்றோடு, பழைய வாலிபப் பருவும் உண்டு. கருமுனையும் வெண்முனையும் அதன் அடையாளம். முதலில் வெயில் அதனை உலர்த்துவது போலத் தோன்றினும், பின்னர் வியர்வையும் கரும்புள்ளியும் சேர்ந்து நிலைமையை மோசமாக்கும்.

ஆறு வினாக்கள்

எதுவென்று அறிய, வீட்டிலேயே ஆறு வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

எப்பொழுது வந்தது? வெயிலிற் சென்ற சில மணியிலா, சில வாரங்களிலா, அல்லது எப்பொழுதும் உண்டா?

எங்கே வந்தது? இதுவே முதன்மையான வினா. நாடியின் கீழும், காதின் பின்னும், மூக்கின் அடியிலும், மேலிமை மடிப்பிலும் வெயில் படுவதில்லை. அந்நிழலிடங்கள் தப்பி, மற்றவிடங்கள் மட்டும் தடித்திருப்பின் ஒளியே காரணம் என ஐயுறலாம். சட்டை மூடிய முதுகும் மடிப்புகளும் தடித்திருப்பின் வியர்வையைக் குறை கூறலாம்.

அரிக்கிறதா? கடும் அரிப்பு ஒவ்வாமைக்கும் வேர்க்குருவுக்கும் பூஞ்சணத்துக்கும் உரியது. வாலிபப் பரு வலிக்கும், பெரிதும் அரியாது.

கருமுனை உண்டா? உண்டெனின் அது பெரும்பாலும் வாலிபப் பரு.

என்ன பூசினீர்கள்? கிறீம், தலைக்கிட்ட தேங்காய் எண்ணெய், தேசிக்காய், குளியற்பொடி ஆகிய எதனையும் விடாது நினைவுகூர வேண்டும்.

என்ன விழுங்கினீர்கள்? குளிசைகள் சில, தோலை வெயிலுக்கு இளகச் செய்வன.

இவ்வினாக்களின் விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்றால் வைத்தியரின் வேலை பாதி முடிந்துவிடும்.

தேசிக்காயும் குழாய்க் கிறீமும்

பெத்தாவின் அன்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் தேசிக்காயையும் வெயிலையும் ஒன்று சேர்க்கலாகாது. தேசிக்காய்த் தோலிலும் சாற்றிலும் சோராலென் இனத்தைச் சேர்ந்த பொருட்கள் உள்ளன. அவை தோலிற் பட்ட இடத்தில் ஏ வகைக் கதிர் விழுந்தால், வெந்நீர் ஊற்றியது போலக் கொப்புளமும், பின்னர் பல வாரங்கள் மறையாத கருங்கோடுகளும் உண்டாகும். சாறு வழிந்த வழியெல்லாம் கோடு விழும். வெண்குட்டத்துக்கு நம் முன்னோர் கையாண்ட கார்போகரிசியிலும் இப்பொருளே உள்ளது. வெளிறிய தோலுக்கு நிறமூட்டும் அதன் ஆற்றல், பிழையாகக் கையாண்டால் முகத்தைச் சுட்டுக் கறுக்கச் செய்யும். அதனைச் சேர்த்த குளியற்பொடியைத் தேய்த்துக்கொண்டு வெயிலிற் செல்வதும் நன்றன்று.

அப்பெண் பூசிய கிறீமோ இன்னும் கொடியது. முகத்தை வெளுக்கச் செய்வதாகக் கூறி விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றிலே பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வலிய ஸ்டீரொய்ட் மருந்துகள் உள்ளன. பூசிய சில நாட்களில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். இதுவே அதன் மாயம். மாதங்கள் செல்லத் தோல் மெலிந்து, நரம்புகள் தெரிந்து, வெயிலைக் கண்டதும் எரிந்து, பருப்போன்ற குருக்கள் படையெடுக்கும். சிலருக்கு முகத்தில் மயிரும் வளரும். அதை நிறுத்தினால் இன்னும் சிவந்து எரியும். எரிச்சலைத் தணிக்க மீண்டும் அதையே பூசுவர். கள்ளுண்டவன் மீண்டும் கள்ளைத் தேடுவது போன்றது இது. இக்கேடு பெருகியமையாலே, இந்தியாவில் 2018ஆம் ஆண்டில் இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை வைத்தியரின் சிட்டையின்றி விற்கலாகாதென அரசு விதித்தது.

வேறு சில வெண்மையாக்கும் கிறீம்களிற் பாதரசம் கலந்திருப்பதுண்டு. அது தோலிற் புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. யப்பானிய நகரம் ஒன்றிற் பாதரசத்தால் நேர்ந்த பேரழிவின் நினைவாக 'மினமாட்டா' எனப் பெயரிடப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை, 2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. அது அழகுப் பொருட்களிற் பாதரசத்தை ஒழிக்கவும் வழிசெய்கிறது. உள்ளடக்கம் எழுதப்படாத, செய்தவர் முகவரி இல்லாத குழாயையும் டப்பியையும் வீட்டிற் சேர்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: நெடுநாள் பூசிய ஸ்டீரொய்ட் கிறீமைத் தாமாகவே திடீரென நிறுத்தி, மறுநாள் முகம் சிவந்ததைக் கண்டு அஞ்சி மீண்டும் தொடங்குவோரே அதிகம். ஆகவே கிறீமின் குழாயையும் கையிலெடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். எவ்வாறு விடுவதென்பதை அவர் கூறுவார்.

எறியத்தகாத குளிசை

இனி, தந்தையார் எறிந்த குளிசையைப் பார்ப்போம். வயலில் எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் வாழும் கிருமி, காலிலுள்ள சிறு காயத்தின் வழியே உடலிற் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. அது சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. அதனைத் தடுக்கவே, ஆபத்து மிகுந்த இடங்களில் வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தைச் சுகாதாரத் துறையினர் வழங்குகின்றனர். வாரமொருமுறை 200 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு.

இம்மருந்துக்கு ஒரு குணம் உண்டு. சிலரின் தோலை அது வெயிலுக்கு இளகச் செய்யும். முகமும் முன்கையும் சிவந்து, எரிந்து, வெயிற் சுட்டது போலாகும். வாலிபப் பருவுக்கும் வைத்தியர்கள் இம்மருந்தையே நாள்தோறும் கொடுப்பதுண்டு. அவர்களும் இவ்வெச்சரிக்கையை அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும், கை சிவந்தது என்பதற்காக உயிர்காக்கும் மருந்தை எறிவதா? கையை மூடிக்கொள்வதா? நீண்ட கைச்சட்டையும் அகன்ற தொப்பியும் அணிந்து, நடந்ததைச் சுகாதாரப் பரிசோதகரிடமோ வைத்தியரிடமோ கூறி, அவர் சொற்படி நடப்பதே அறிவுடைமை. உணவின் பின்னர், நிறையத் தண்ணீருடன் அதனை விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கலாகாது. கருவுற்றோரும் சிறு பிள்ளைகளும் வைத்தியரைக் கேளாது உட்கொள்ளலாகாது. உயர் குருதியமுக்கத்துக்குக் கொடுக்கப்படும் சில குளிசைகளும் இவ்வாறே தோலை வெயிலுக்கு இளகச் செய்வன. அவற்றையும் தாமாக நிறுத்துதல் ஆபத்து.

ஆற்றும் வழி

எந்தத் தடிப்பாயினும் முதல் மருந்து நிழலே. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி மட்டுமன்று, வைத்தியமும் அதுவே.

முகத்தை நாளொன்றுக்கு இருமுறை, காரம் குறைந்த சவர்க்காரத்தாற் கழுவுங்கள். மேலும் மேலும் தேய்த்துக் கழுவினால் தோல் வறண்டு இன்னும் எரியும். குருக்களைக் கிள்ளலாகாது. கிள்ளிய குரு ஒரு கிழமையில் ஆறும். அதன் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும்.

வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீர்க் குளிப்பு, காற்றோட்டம், தளர்ந்த பருத்தி ஆடை, கலமைன் நீர்மம் ஆகியன போதும். எண்ணெயும் கட்டியான கிறீமும் துளைகளை மேலும் அடைக்கும்.

வெயில் ஒவ்வாமைக்குச் சில நாட்கள் வெயில் படாதிருத்தலும், நனைத்த துணியை ஒற்றுதலும், கலமைனும் உதவும். அரிப்பு மிகுந்தால் வைத்தியர் அரிப்படக்கும் குளிசையையும், சில நாட்களுக்கு மட்டும் மென்மையான ஸ்டீரொய்ட் பூச்சையும் தருவார். மருந்தாய்ச் சில நாள் பயன்படும் பொருளே, அழகுக்கென ஆண்டுக்கணக்கிற் பூசப்படும்போது நஞ்சாகிறது என்பதை உய்த்துணர்க.

வெயிற் பருவுக்கு எண்ணெய்ப்பசையுள்ள கிறீம்களை அறவே நிறுத்துவதே தொடக்கம். பின்னர் பென்சோயில் பேரொக்சைட்டு, அடப்பலீன் போன்ற பூச்சு மருந்துகளை வைத்தியரின் சொற்படி இரவில் இடலாம். இவை தோலைச் சற்று எரிக்கக்கூடியன ஆதலின் சிறிதளவிலே தொடங்க வேண்டும். அடப்பலீனைக் கருவுற்றோர் பூசலாகாது. கிருமிகொல்லிக் குளிசைகளால் இவ்வகைப் பருவுக்குப் பெரும்பயன் இல்லை. பொறுமையே இங்குப் பெரிய மருந்து.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது நம் மரபு. வைக்கலாம், ஆனால் அது நெற்றியில் வழியாதபடி இரவில் வைத்து, காலையில் முழுகிவிடுவது நன்று. நெற்றியோரத்திற் பரு உள்ள பிள்ளைகளின் தாய்மார் இதனை முதலிற் கவனிக்க வேண்டும்.

காக்கும் வழி

வயற்காரரை "பத்து மணி முதல் இரண்டு மணி வரை வெயிலிற் போகாதே" என்பது எளிது. அவர் அடுப்பில் உலை ஏறவேண்டுமே! எனினும் வெட்டையும் களையெடுப்பையும் விடியலிலே தொடங்கி, உச்சி வேளையை வாடியின் நிழலிற் கழிப்பதே நம் முன்னோரின் வழக்கமும் ஆகும். கடிகாரம் இல்லாதவர்க்கு நிழலே கடிகாரம்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாயிருந்தால் வெயில் வலியது என்று கொள்ளுங்கள்.

பணச் செலவு குறைந்த காப்பு துணியே. நெருங்க நெய்த, தளர்ந்த நீண்ட கைச்சட்டை, காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பி, அதன் கீழே ஒரு சால்வை, பெண்களுக்குக் குடை: இவை எந்தக் கிறீமுக்கும் குறைந்தவையல்ல. நனைந்து ஒட்டிய மெல்லிய வெள்ளைத் துணி வெயிலை உள்ளே விட்டுவிடும்.

வெயிற்காப்புக் கிறீம் வாங்க வசதியுள்ளோர், எண்ணெய்ப்பசையற்றதும், ஏ, பீ ஆகிய இருவகைக் கதிர்களையும் தடுப்பதுமான ஒன்றைத் தேர்க. காப்பு எண் 30 உள்ளது பீ வகைக் கதிரில் ஏறக்குறைய 97 வீதத்தைத் தடுக்கிறது. துத்தநாக ஒக்சைட்டு சேர்ந்தவை எளிதில் எரியும் தோலுக்கு ஏற்றவை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறையும், வியர்த்து வழிந்தபின்னரும் மீண்டும் பூசவேண்டும். ஒரு பொட்டளவு எடுத்து முகமெங்கும் தடவிவிட்டுக் காப்பு உண்டென்று நம்புவது வீண்.

இதனாலெல்லாம் வெயிலை முற்றும் பகைக்கவேண்டுமென்பது பொருளன்று. எலும்பை வலுவாக்கும் விற்றமின் டீ தோலில் உருவாக வெயில் வேண்டும். வேண்டாதது மிகையே.

தாமதியாது வைத்தியரை நாடுக

சில அடையாளங்களைக் கண்டால் வீட்டு மருத்துவத்தை விட்டுவிட வேண்டும். இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போன்ற சிவப்பு, அதனுடன் மூட்டுவலி, வாய்ப்புண், முடியுதிர்வு, காய்ச்சல், சோர்வு ஆகியவை சேர்ந்து வருவது லூப்பசு என்னும் நோயாகலாம். இளம் பெண்களையே அது மிகுதியாகப் பற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும். அதனைப் பருவென்று எண்ணி மாதங்களைக் கழிப்பது பேராபத்து.

கொப்புளம், சீழ், கண் எரிச்சல், இரண்டு வாரத்தில் ஆறாமை, வடு விழுதல் ஆகியனவும் காட்டவேண்டிய குறிகளே. வெளிறிய திட்டில் உணர்ச்சி குன்றியிருந்தால் அது வெயிலின் வேலையன்று, தொழுநோயின் தொடக்கமாகலாம். ஒரு காலத்திலே அந்நோயாளரை வாவியின் நடுவிலுள்ள மாந்தீவிலே ஒதுக்கி வைத்தனர். இன்று அந்நோய் இலவச மருந்தினால் முற்றும் குணமாகிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

படுவான்கரையினர்க்கு மகிழடித்தீவு வைத்தியசாலை அண்மையில் உள்ளது. தோல் நோய் வைத்திய நிபுணரைக் காண வேண்டின் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவர். இவையெல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும் சேவைகள். கிறீமுக்குக் கொடுத்த காசில் ஒரு பங்கு பேருந்துக் கட்டணத்துக்குப் போதும்.

மீண்டும் அந்த விறாந்தையிலே

ஆவணியிலே தேர்த் திருவிழாவையொட்டி மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். நாம் சொன்னதற்கிணங்க அப்பெண் தந்தையாருடன் வைத்தியசாலைக்குச் சென்றிருக்கிறாள். வைத்தியர் கிறீமின் குழாயைப் பார்த்துவிட்டு, அதனை விடும் முறையைச் சொல்லி வேறு மருந்தும் கொடுத்தாராம். முதல் மாதம் மிகக் கொடிய மாதமாயிருந்ததென்றாள். "நாலு தரம் அதை எடுத்துப் பூசப் போனேன், ஐயா. பெத்தாதான் குழாயை ஒளிச்சு வெச்சிற்றா" என்று சொல்லிச் சிரித்தாள். சிவப்பு பெரும்பாலும் அடங்கியிருந்தது. கன்னத்திற் சில கரும்புள்ளிகள் எஞ்சியிருந்தன. அவை மறைய இன்னும் காலமாகலாம். ஆனால் சேலைத் தலைப்பு முகத்தில் இல்லை.

தந்தையார் அடுத்த போகத்துக்குக் குளிசையைக் கேட்டு வாங்குவதாகச் சொன்னார். சுவரிலே நீண்ட கைச்சட்டையொன்று தொங்கியது.

தேசிக்காய்? அதனைப் பெத்தா நமக்குச் சாறு பிழிந்து, சீனி கலந்து, ஒரு குவளையிலே தந்தார். வெயிலில் வந்தவர்க்கு அதனினும் நல்ல மருந்து வேறில்லை.